பழைய கமாரோவுக்கு எந்தப் பிளக் ஒயர்? முதலில் எக்ஸாஸ்ட்டைப் பாருங்கள்

1969 ஷெவர்லே கமாரோ, 350 கன அங்குல வி8. இப்படி ஒரு காரை வைத்திருப்பவர் பிளக் ஒயர் (ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரத்தைக் கொண்டுபோகும் ஒயர்) வாங்கக் கிளம்பினால் முதலில் கேட்பது "எட்டு மில்லிமீட்டரா, எட்டரையா?" என்றுதான். அடுத்தது நிறம், கம்பெனிக்கு ஒன்று. எம்எஸ்டியின் சிவப்பா, ஆக்ஸெலின் மஞ்சளா, மொரோசோவின் நீலமா? இரண்டும் கடைசியாகக் கேட்க வேண்டியவை. எஞ்சினின் புகையை வெளியேற்றுவது பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டா, சிலிண்டருக்கு ஒரு குழாயாக வரும் ஹெடரா? பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்ததா, எச்இஐ என்ற ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) எலக்ட்ரானிக் வகையா? வண்டி போட்டியில் நடுவர் முன் நிற்கப் போகிறதா, ரோட்டில் ஓடப் போகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஒயர் பாதி தேர்வாகிவிட்டது.

சந்தையில் இருப்பது அடிப்படையில் மூன்று வகை. ஒன்று, அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வந்தது போலவே தேதிக் குறியோடு செய்த 7 மி.மீ. கறுப்பு ஒயர். இரண்டு, உங்கள் மாடலுக்கென்று நீளம் வெட்டி, இரண்டு முனையும் முடித்து, பெட்டியில் வரும் ரெடிமேட் செட். மூன்று, பிளக் பக்கம் மட்டும் முடித்து, மறுமுனையை நாமே வெட்டி, உலோக முனையை நசுக்கிப் பொருத்திக்கொள்ளும் (கிரிம்ப் செய்யும்) யுனிவர்சல் கிட்.

தேதிக் குறி ஒயரைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ஒயர் செய்தது அதன் சொந்தப் பிரிவான பேக்கார்ட் எலக்ட்ரிக். ஒயரின் மேலேயே கம்பெனி பெயரும், எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் செய்தது என்பதும் அச்சாகியிருக்கும். ஷெவர்லேயின் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு, அவற்றை அசல்படி புதுப்பிப்போரின் சங்கமான என்சிஆர்எஸ் போன்ற அமைப்புகள் நடத்தும் மதிப்பீட்டில் இந்த எழுத்துகளைக் குனிந்து பார்ப்பார்கள். ஒயரின் காலாண்டு கார் கட்டப்பட்ட தேதிக்குக் கொஞ்சம் முந்தியதாக இருக்க வேண்டும், பிந்தியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு வேறு யோசனையே வேண்டாம், இதைத்தான் வாங்க வேண்டும். வண்டி அப்படிப்பட்டது இல்லையென்றால், இதற்குக் கூடுதல் காசு கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி நிஜமான போட்டி ரெடிமேடுக்கும் வெட்டிப் போடும் கிட்டுக்கும்தான். அதற்கு முன் ஒயரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெட்டி மேல் பெரிய எழுத்தில் போடுவது அதைத்தான்.

உள்ளே இருப்பது

பழைய வகையில் நடுவே உலோகமே கிடையாது. கார்பன் ஏற்றிய நூல்தான். ஓர் அடிக்குச் சில ஆயிரம் ஓம் தடை இருக்கும். 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை அடி ஒயர் என்றால் 12,500 ஓம். இந்தத் தடை தெரிந்தே வைத்தது. தீப்பொறி பாயும் ஒவ்வொரு முறையும் ஒயர் ஒரு சின்ன ரேடியோ ஆன்டெனா போல அலை பரப்பும். அதைத் தடை அமுக்குகிறது. இல்லையென்றால் கார் ரேடியோவில் எஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடி டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். கொர்வெட்டின் உடம்பு ஃபைபர்கிளாஸ் என்பதால் இந்த இரைச்சலைத் தடுக்க இரும்பு பானட் கிடையாது. அதனால் ரேடியோ வைத்த கொர்வெட்டுகளில் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒயர்களையும் பளபளக்கும் உலோகத் தகடுகளால் மூடியே அனுப்பினார்கள். ரேடியோ இல்லாமல் விற்ற எல்88 பந்தயக் கொர்வெட்டுக்கு அந்தத் தகடுகள் தேவைப்படவில்லை.

இன்றைய நல்ல ஒயர் ஸ்பைரல் வகை. கண்ணாடி இழை அல்லது கெவ்லர் நூலின் மேல் மெல்லிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அலையை அமுக்குவது இங்கே அந்தச் சுருள், தடை அல்ல. அதனால் தடையைத் தாராளமாகக் குறைக்க முடிகிறது. டெய்லரின் ஸ்பைரோ-ப்ரோவில் அடிக்கு 350 ஓம், எம்எஸ்டியின் 8.5 மி.மீ. சூப்பர் கண்டக்டரில் 50 ஓமுக்குள்.

சரி, 12,500 எங்கே, 125 எங்கே? எஞ்சின் பறக்காதா? பறக்காது. பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறி இன்னும் கிளம்பாத அந்த நொடியில் ஒயரில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் தடை வோல்டேஜைத் தின்ன முடியாது. பொறி பற்றிய பிறகு ஓடுவதும் ஆம்பியரில் நூறில் சில பங்குதான். அப்போது அந்தப் பழைய ஒயர் சில நூறு வோல்ட் எடுத்துக்கொள்ளும். பொறி எரியும் நேரத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவே. சாதாரண 350 எஞ்சினில் நல்ல நிலையில் உள்ள கார்பன் ஒயரைக் கழற்றி ஸ்பைரல் போட்டதால் குதிரைத் திறன் கூடியது என்று யாராவது சொன்னால், கழற்றிய ஒயர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது என்று அர்த்தம். இன்னொரு வேடிக்கை: 50 ஓம் ஒயருக்குக் காசைக் கொட்டிவிட்டு, அதன் முனையில் ஆர் எழுத்து போட்ட ரெசிஸ்டர் பிளக்கைத் திருகுவார்கள். அந்தப் பிளக்குக்குள்ளேயே சுமார் 5,000 ஓம் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் ஸ்பைரல் எதற்கு? ஆயுளுக்கு. கார்பன் நூல் வெப்பத்தில் காய்ந்து, இழுத்த இழுப்பில் உள்ளே அறுந்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். ஸ்பைரல் அப்படிச் சட்டென்று போகாது. கிரிம்ப் செய்வதற்கும் அதுதான் வசதி, முனை உலோகத்தில் போய்க் கடிக்கும்.

முழுச் செம்புக் கம்பி வைத்த ஒயரும் இன்னும் விற்கிறது. பார்க்க அசல் பழைய ரேஸ் கார் மாதிரி இருக்கும். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே பொறி மின்சாரம் உண்டாக்கும் கருவி) வைத்த பந்தய வண்டிக்குச் சரி. பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு பெர்ட்ரானிக்ஸ் போன்ற எலக்ட்ரானிக் துண்டு போட்டவர்களும், எம்எஸ்டியின் எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி வைத்தவர்களும் இதைத் தொடவே கூடாது. செம்பு பரப்பும் இரைச்சல் அந்த எலக்ட்ரானிக்ஸைக் குழப்பி எஞ்சினை மிஸ் ஆக வைக்கும். இந்தக் கம்பெனிகளே தங்கள் குறிப்புத் தாளில் வேண்டாம் என்று எழுதுகின்றன.

தடிமன் பற்றி ஒரே வரி: 7, 8, 8.5, 10.4 என்பதெல்லாம் மேலுறையோடு சேர்த்த மொத்த விட்டம், உள்ளே உள்ள கம்பியின் கனம் அல்ல. பாயிண்ட் வைத்த எஞ்சினுக்கு 7 மி.மீ. தாராளம், எச்இஐ கொடுக்கும் வோல்டேஜுக்கு ஜிஎம்மே 8 மி.மீ. போட்டது. தடிமன் கூடக் கூட பழைய ஒயர் கிளிப்பின் துளைகளில் நுழையாமல் போகலாம் என்பதுதான் உருப்படியான வித்தியாசம்.

ரெடிமேடா, வெட்டிப் போடுவதா?

எஞ்சினில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இன்னும் இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் இடம் மாற்றவில்லை என்றால் ரெடிமேடை வாங்குங்கள். முனைகள் மெஷினில் கிரிம்ப் ஆனவை, கையால் செய்வதைவிட உறுதி. பெட்டியைப் பிரித்தால் ஒரு மணி நேர வேலை. வாங்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் காலத்து மூடியில் ஒயர் முனை குழிக்குள் இறங்கும். 1975 மாடலிலிருந்து ஜிஎம் கார்களில் வழக்கமான எச்இஐயின் அகன்ற மூடியில் முனைகள் குமிழ் போல வெளியே நிற்கும். ஒயர் அதன் மேல் கவிழ வேண்டும். ஒன்றுக்கு உரியது மற்றதில் மாட்டாது. எச்இஐயில், உயர் வோல்டேஜை உண்டாக்கும் காயில் மூடிக்குள்ளேயே இருப்பதால், காயிலிலிருந்து வரும் ஒன்பதாவது ஒயரும் கிடையாது. 1969 காரில் எச்இஐ மாட்டியவர்கள், பழைய பாயிண்ட் காயிலுக்குப் போன தடை ஒயரை எடுத்துவிட்டு முழு 12 வோல்ட் கொடுத்தார்களா என்றும் பார்த்துவிடுங்கள். அது நடக்காவிட்டால் எந்தப் பிளக் ஒயரும் உதவாது.

ஹெடர் இருந்தால் கதை மாறுகிறது. எட்டுக் குழாய்களும் பிளக்குகளை உரசிக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு கம்பெனி ஹெடரும் வளைவது ஒவ்வொரு விதம். ஒரு சிலிண்டரில் நேரான பிளக் கேப்தான் (ஒயரின் முனையில் பிளக்கின் மேல் கவிழும் உறை) இடம் பிடிக்கும். பக்கத்திலேயே 90 டிகிரி கேப் போட்டால்தான் குழாயைத் தொடாது. ரெடிமேட் செட்டில் பெரும்பாலும் எட்டும் ஒரே கோணம். சிலிகான் மேலுறை 200 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாங்கும். ஆனால் ஏறுமலையில் கஷ்டப்படும் ஹெடர் குழாய் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சூடாக இருக்கும். தொட்டால் அன்றைக்கே முடிந்தது. ஒரு அங்குல இடைவெளி இருந்தால் நிம்மதி. அது கிடைக்காத சிலிண்டருக்கு மட்டும் பீங்கான் கேப் போடலாம், அல்லது கேப்பின் மேல் கண்ணாடி இழை உறை மாட்டலாம், எட்டுக்கும் தேவையில்லை.

ரெடிமேட் கைவிடும் இடம் இன்னொன்றும் உண்டு. ஐம்பது வருடத்தில் அந்த எஞ்சினை யார் யார் பிரித்தார்களோ. டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப இறக்கும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஒயர்களை ஒரு முனை தள்ளி மாட்டிச் சமாளித்திருப்பார்கள். எஞ்சின் அருமையாக ஓடும், டைமிங்கும் சரியாக இருக்கும். ஆனால் முதல் சிலிண்டரின் முனை புத்தகத்தில் போட்ட இடத்தில் இருக்காது. அந்த இடத்தை நம்பி நீளம் வெட்டிய ரெடிமேட் செட்டில் ஒன்று எட்டாது, இன்னொன்று தொங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி ஒழுங்காக வைப்பது முறையான வழி. அதற்கு மனமில்லை என்றால் வெட்டிப் போடும் கிட்.

கிட்டின் பலவீனம் நம் கைதான். கிரிம்ப் ஒழுங்காக இல்லாவிட்டால் நூறு டாலர் ஒயரும் வீண். சாதாரணக் குறடால் நசுக்கக் கூடாது. பிளக் ஒயர் முனைக்கென்றே வார்ப்பு உள்ள கிரிம்பிங் பிளேயர் வேண்டும். மேலுறையை அரை அங்குலம் உரித்து, உள்ளே உள்ள சுருளை வெட்டாமல் அப்படியே பின்னால் மடித்து மேலுறையின் அடிப்பக்கத்தில் படுக்க வைத்து, அதன் மேல் முனையை உட்காரவைத்து அழுத்த வேண்டும். முனையின் காதுகள் மேலுறையைக் கவ்வ வேண்டும், குத்திக் கிழிக்கக் கூடாது. கேப்பை ஒயரில் முதலில் நுழைத்துவிட்டுத்தான் கிரிம்ப், பிறகு நுழையாது. முடித்ததும் மல்டிமீட்டரை இரு முனையிலும் வைத்து ஒயரை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். எண் குதித்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான். அதனால்தான் முதலில் அளந்ததைவிட இரண்டு அங்குலம் தாராளமாக விட்டு வெட்டச் சொல்வது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினின் டிரைவர் பக்கம் (அமெரிக்கக் காரில் இடது பக்கம்) மவுண்ட்டில் மேலே எழும்பும். அந்த ஆட்டத்துக்கும் ஒயரில் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

பழைய ஒயர் எட்டையும் ஒன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு. வரிசை குழம்பாது.

மேலேயா, கீழேயா, பின்னாலா?

எந்த வகை வாங்கினாலும் ஒயர் போகும் வழிக்கு மூன்று தேர்வு. டாப்பெட் கவரின் மேலே போட்டால் குளிர்ச்சி, மாற்றுவதும் சுலபம். ஆனால் அழகான அலுமினியக் கவரை ஒயர் மறைக்கும். கமாரோ இசட்/28 மாடலின் 302 எஞ்சின் போல சாலிட் டாப்பெட் வைத்தது என்றால் அடிக்கடி இடைவெளி சரிபார்க்கக் கவரைக் கழற்ற வேண்டும்; ஒவ்வொரு முறையும் எட்டு ஒயரையும் விலக்கிக்கொண்டு இருக்க முடியாது. ஹெடருக்குக் கீழே போட்டால் பானட்டைத் திறந்தவுடன் ஒரு ஒயரும் கண்ணில் படாது. கண்காட்சியில் கைதட்டு வாங்கும். வழியில் ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் ஜாக்கி போட்டுப் படுக்க வேண்டும், அதுவும் சூடான குழாய்களுக்கு நடுவே கையை விட்டு. ரோட்டில் ஓடும் வண்டிக்கு எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கவரின் பின்புறம் இறங்கி, கவரின் வெளி விளிம்பை ஒட்டி, கிளிப்பில் பிடித்து, ஒவ்வொரு பிளக்குக்கும் மேலிருந்து இறக்குவது. டிரைவர் பக்கத்தில் ஸ்டியரிங் தண்டை மட்டும் கவனித்தால் போதும்.

பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்திருந்தால் இன்னொன்று. ஜிஎம் மூடியில் ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் அளவு) சரிசெய்ய ஆலன் சாவி நுழைக்கும் சின்ன உலோக ஜன்னல் இருக்கும். ஒயர்களை அதன் குறுக்கே கட்டிவிடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் ஐந்தாவது, ஏழாவது சிலிண்டர்களின் ஒயர்கள் ஒட்டிப் போகக் கூடாது. பணம் கொடுத்து வாங்கும் எதையும்விட எஞ்சினுக்கு இதுதான் முக்கியம். இந்த 350 சேர்ந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் வகை எஞ்சினின் பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் டிரைவர் பக்கம், முன்னிருந்து பின்னாக. அதாவது 5-க்கு அடுத்துப் பற்றுவது 7. இரண்டும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் அவற்றின் முனைகள் அடுத்தடுத்து. ஆகவே ஒயர்களும் இயல்பாகவே கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் போகும். 5-இல் பல ஆயிரம் வோல்ட் பாயும்போது பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் 7-லும் தூண்டலால் வோல்டேஜ் எழும்.

அது ஏன் ஆபத்து? அந்த நேரத்தில் 7-வது பிஸ்டன் தன் முறைக்கு 90 டிகிரி முன்னால் இருக்கிறது. கலவை உள்ளே வந்துவிட்டது, ஆனால் அழுத்தம் இன்னும் ஏறவில்லை. அழுத்தம் குறைவான இடத்தில் பொறி தாண்டக் குறைந்த வோல்டேஜே போதும். தூண்டலில் எழுந்த சின்ன வோல்டேஜுக்கு அது வாசல் திறந்துவிட்டது போல ஆகிறது. கலவை அங்கேயே பற்றிக்கொண்டால், மேலே ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்து எரிகிறது. மெதுவாக ஓட்டும்போது லேசான தட்டல்தான் கேட்கும். சுமையில் அழுத்தி ஓட்டினால் 7-வது பிஸ்டன் உடைய அது போதும். ஹெட்டைத் திறந்து பார்ப்பவர் கலவை சரியில்லை, பெட்ரோல் சரியில்லை என்று ஏழு காரணம் சொல்வார். போன்டியாக்கும் கிரைஸ்லர் வி8-களும் இதே வரிசைதான், இதே தொல்லைதான். பழைய ஃபோர்டு 302-வில் வரிசை 1-5-4-2-6-3-7-8 என்பதால் அங்கே பிரித்து வைக்க வேண்டிய ஜோடி 7-உம் 8-உம்.

மருந்து சுலபம். கிளிப்பில் 5-க்கும் 7-க்கும் நடுவே 1-ஐயோ 3-ஐயோ கொண்டுவாருங்கள். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், இணையாக ஓடக் கூடாது. அழகுக்காக நாலு ஒயரையும் ஒரே டேக்கில் இறுக்கிக் கட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். கண்காட்சி வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

ஆக, என் தேர்வு: ஹெடர், எச்இஐ, ரோட்டில் ஓடும் கமாரோ என்றால் 8 மி.மீ. ஸ்பைரல், வெட்டிப் போடும் கிட். பிளக் கேப்பை மட்டும் சிலிண்டருக்குச் சிலிண்டர் பார்த்து, நேரானதும் வளைந்ததும் கலந்து வாங்க வேண்டும். கிரிம்பிங் பிளேயர் வாங்க விருப்பமில்லாதவர்கள் தங்கள் ஹெடர் மாடலைச் சொல்லி, அதற்கென்று செய்த ரெடிமேட் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதுவும் மோசமில்லை.

மாட்டும்போது ஒவ்வொரு கேப்பின் உள்ளேயும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லத் தடவுங்கள். அடுத்த தடவை கேப் பீங்கானில் ஒட்டிக்கொள்ளாமல் வரும். கழற்றும்போதும் ஒயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பைப் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு இழுக்க வேண்டும். வேலை முடிந்த அன்று இரவு, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரைப் பனி போல ஒயர்களைச் சுற்றித் தெளித்துப் பாருங்கள். ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது நீலமாக நெளிந்தால் அந்த இடத்தில் ஒயர் கசிகிறது.

கிட்டில் மிச்சமாகும் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். நீளம் போதுமென்றால் அதிலேயே ஒரு உபரி ஒயர் செய்து டிக்கியில் போட்டு வைக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம் இருப்பதால் மிக நீளமான ஒயர் முன்னால் உள்ள 1-க்கும் 2-க்கும் போவது. அந்த நீளத்தில் செய்த ஒன்று எட்டில் எதற்கும் எட்டும்.